கேட்ஸ் கோவில் நின்ற வீடுகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து அப்பலாச்சிய மலைகளுக்கிடையே, ஏப்ரம்ஸ் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கு கேட்ஸ் கோவ். அங்குச் செல்வோர் கண்டு வியப்பது மரத்தடிகளை அடுக்கி எழுப்பிய பழைய வீடுகளையே. 1818-இல் குடியேறிய ஜான் ஆலிவரின் வீடும் அவற்றுள் ஒன்று.

இவற்றைக் கண்டு, அம்மக்கள் இறுதிவரை அத்தகைய குடில்களிலேயே வாழ்ந்தனர் என்று நாம் எண்ணிவிடலாகாது. பிற்காலத்தில் அவர்கள் அறுத்த பலகைகளால் நல்ல வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1934-இல் தேசியப் பூங்கா உருவாக, பெரும்பாலோர் நிலத்தை விட்டு அகல நேர்ந்தது. ஆலிவரின் வழித்தோன்றல் ஒருவர் நீதிமன்றத்தில் போராடித் தோற்று, 1937-இல் வெளியேறினார். மரத்தடி வீடுகளைப் பேணிய பூங்கா நிர்வாகமோ, பலகை வீடுகளுள் பெரும்பாலானவற்றை இடித்தது. எது வரலாறு என்பதை வீட்டுக்குரியோரிடம் கேட்டார் எவருமிலர்!

ஆயினும் மூன்று ஆலயங்கள் தப்பின. மூன்றும் பலகைக் கட்டடங்களே. 1902-இல் எழுந்த மெதடிஸ்ட் ஆலயத்தைத் தச்சர் ஒருவர் 115 நாள்களில், 115 டாலர் செலவில் கட்டி முடித்தார் என்பர்.