பொரிசட்டியில் பிறக்கும் நஞ்சும் பழ ஈக்களின் சாட்சியமும்

மண்டூர் முருகன் ஆலயத் திருவிழாக் காலத்து முறுக்கும், நோன்பு மாதத்துச் சமூசாவும் கட்லட்டும் வாவிக்கரை மக்களின் நாவோடு பிணைந்தவை. இவற்றுக்குப் பொன்னிறத்தையும் மணத்தையும் அளிக்கும் அதே வெப்பமே அக்ரிலமைட் எனும் இரசாயனத்தையும் தோற்றுவிக்கின்றது. இது எவரும் கலக்கும் கலப்படமன்று. சமையலிலேயே தானாகப் பிறக்கும் பக்கவிளைவுப் பொருளாகும்.

இதன் கண்டுபிடிப்பே தற்செயலானது. 1997 இல் சுவீடனில் சுரங்கப்பாதையொன்றின் நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய அக்ரிலமைட் ஓடையிற் கலந்து மீன்கள் மடிந்தன. மாடுகள் நடக்க இயலாது வீழ்ந்தன. தொழிலாளரின் இரத்தத்தைச் சோதித்தபோது, சுரங்கத்துடன் எவ்விதத் தொடர்புமற்றவர்களிடத்தும் அதன் சுவடு காணப்பட்டது. காரணத்தைத் தேடிச் சென்ற ஆய்வு உணவுத் தட்டில் வந்து நின்றது. 2002 ஏப்ரலில் உலகம் அதனை அறிந்தது. உருளைக்கிழங்கு, தானியம் போன்றவற்றிலுள்ள அஸ்பரஜின் எனும் அமினோ அமிலம் 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் குளுக்கோசு முதலிய வெல்லங்களுடன் வினைபுரிவதே இதற்குக் காரணமாகும்.

கனிந்த வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் அற்பமான பழ ஈ இங்கு சாட்சியாகின்றது. முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவர ஏறத்தாழ 10 நாட்களே செல்வதால், வளர்ச்சியில் ஒரு நஞ்சு விளைவிக்கும் ஊறினை விரைவில் கண்டறியலாம். ஒடிசாவின் பெர்ஹாம்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புழுப்பருவத்தில் அக்ரிலமைட்டை ஊட்டி, ஈக்களின் உடற்கலங்களிலும் இனப்பெருக்கக் கலங்களிலும் மரபணுச் சிதைவு ஏற்படுவதை 1991 இலேயே வெளியிட்டிருந்தனர். உணவில் அது கலந்திருப்பதை உலகம் அறிவதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே! அளவு மிகும்போது புழுக்களின் வளர்ச்சி தாமதமடைவதும், முழு ஈயாக வெளிவருபவை குறைவதும் ஆய்வுகூடங்களில் காணப்பட்டுள்ளன.

ஈக்கு நேர்ந்தது குழந்தைக்கும் நேருமெனக் கூச்சலிடுவதை நாம் ஏற்கவில்லை. ஆய்வுகூடத்தில் ஊட்டப்படும் அளவு எமது தட்டிலுள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆயினும் அலட்சியத்திற்கும் இடமில்லை. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994 இல் இதனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருட்களின் பட்டியலிற் சேர்த்தது. உடல் எடையுடன் ஒப்பிடுகையில் சிறுவரே இதனை அதிகம் உட்கொள்கின்றனர் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் எச்சரித்தது. பாடசாலை வாயிலில் தொங்கும் கிழங்குப் பொரியல் பொதிகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர்மீது கட்டுப்பாடு விதித்துள்ளது.

எமது பிட்டும் இடியப்பமும் நோன்புக் கஞ்சியும் ஆவியிலும் கொதிநீரிலும் வேகுபவை; அவ்வெப்பத்தில் இந்நஞ்சு உருவாவது அரிது. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதில் வெல்லம் கூடும். பின்னர் பொரிக்கையில் அக்ரிலமைட்டும் கூடும். நறுக்கிய துண்டுகளை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, கருகவிடாது இளம்பொன்னிறத்தில் இறக்கினால் அதன் அளவு குறையும்.