பாசண்டம் : பழியேற்ற ஒரு சொல்லின் வரலாறு

‘பாசண்டி’ என்னுஞ் சொல்லுக்கு, வேதநெறிக்குப் புறம்பானவன், பொய்வேடத்தான் என்பனவே இன்று வழங்கும் பொருள்கள். இந்தியில் ‘பாகண்ட்’ என்பது போலித்தனத்தைக் குறிக்கும். நம் சமயத்தார்மீது நெடுங்காலம் வீசப்பட்ட வசைச்சொற்களுள் இதுவும் ஒன்று. ஆயின், தொடக்கத்தில் இச்சொல்லில் வசை இல்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன் பொறித்த 12ஆம் பாறைக் கல்வெட்டு, எல்லாப் பாசண்டங்களின் துறவியரையும் இல்லறத்தாரையும் தான் போற்றுவதாகக் கூறுகிறது. தன் பாசண்டத்தைப் புகழ்ந்து பிறர் பாசண்டத்தை இகழ்பவன், தன் பாசண்டத்திற்கே கேடு செய்கிறான் என்பது அம்மன்னன் அறிவுரை. வசைச்சொல்லாயின் ‘தன் பாசண்டம்’ என்று கூறுதல் பொருந்துமோ? காந்தகாரில் கிடைத்த கிரேக்கப் படியும் இச்சொல்லை மெய்யியலார் பள்ளி எனப் பொருள்படும் சொல்லாலேயே பெயர்த்துள்ளது. அவையைக் குறிக்கும் ‘பரிஷத்’ என்பதனோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர்.

அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் காரவேலனின் அத்திகும்பா கல்வெட்டு, அவனை எல்லாப் பாசண்டங்களையும் போற்றுபவன் எனச் சிறப்பிக்கிறது. சமண மன்னன் ஒருவனுக்கு இது விருதாய் அமைந்தது. சிலப்பதிகாரத்திலோ புகார் நகரத்துத் தெய்வம் ஒன்றற்கே பாசண்டச் சாத்தன் என்பது பெயர். பாசண்டம் என்பதற்குத் தொண்ணூற்றாறு வகைச் சமய சாத்திரக் கோவை என அடியார்க்குநல்லார் உரை கூறினார்.

இச்சொல்லைப் பழி பற்றியது வடமொழி நூல்களில். மனுநூலின் 9ஆம் அத்தியாயம், சூதாடிகள், கொடியோர், கள் விற்போர் ஆகியோருடன் பாசண்டரையும் சேர்த்து நகரினின்று வெளியேற்றுமாறு அரசனைப் பணிக்கிறது. விஷ்ணு புராணம், ஆடையின்றி மயிற்பீலி ஏந்திய ஒருவன் அசுரரை மயக்கிய கதையைக் கூறி, பாசண்டரோடு உரையாடுதலும் ஆகாது என்கிறது. அத்தோற்றம் எவரைச் சுட்டுவது என்பது நமக்கு விளங்கும். கொள்கை வேறுபாடு இவ்வாறு குற்றமாக்கப்பட்டது. மாற்றுச் சமயத்தான் தீயோருள் ஒருவனாக எண்ணப்பட்டான்.

நம் நூல்களும் இச்சொல்லை ஆண்டுள்ளன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், நற்காட்சிக்கு ஊறாகும் மூவகை மயக்கங்களுள் ஒன்றாகப் பாசண்டி மூடத்தைக் கூறும். தமிழில் அருங்கலச்செப்பும் அந்நெறியே செல்லும். ஆயினும் ஆசிரியர் விலக்கியது எதனை என நோக்குதல் வேண்டும். உடைமைப் பற்றும், உலகியல் முயற்சியும், உயிர்க்கொலையும் உடைய துறவியரைப் போற்றுதலையே அவர் விலக்கினார். அந்த அடைமொழிகளே குற்றத்தை உணர்த்துகின்றன. பாசண்டி என்ற பெயர் தானே குற்றத்தை உணர்த்தவில்லை. இன்ன சமயத்தான் என்பதனால் எவரையும் அவர் இழித்தாரல்லர்.

ஒருவனை அவன் ஒழுக்கத்தால் அளப்பது அறம். அவன் சார்ந்த கூட்டத்தின் பெயரால் பழிப்பது வன்சொல். மனம், மொழி, மெய் மூன்றாலும் கொல்லாமை காக்கும் சாவகர்க்கு வன்சொல்லும் இம்சையே. பெயரால் பழிக்கப்பட்ட வரலாறுடைய நாம், பிறரைப் பெயரால் பழியாதிருத்தல் கடன்.

அறம் வெல்க!