செம்பருத்தியும் சிவப்புப் புளிச்சையும்

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க்கை அடுத்த சிராங்கூன் சாலைக் கடைகளிலே தலைக்குத் தேய்க்கச் செம்பருத்திப் பொடி விற்கிறது. 'செம்பருத்தித் தேநீர்' என்னும் பெயரால், அருந்துவதற்குரிய சிவந்த சருகொன்றும் விற்கிறது. பெயர் ஒன்றாதலின் செடியும் ஒன்றே எனப் பலர் கருதுவர். ஆயின் இவை இரு வேறு செடிகள். வந்த வழியும் வேறு.

கூந்தலுக்குரியது வேலியிலே பூக்கும் செம்பருத்தி. இலங்கைத் தமிழர் இதனைச் செவ்வரத்தை என்பர். வங்காளத்தார் காளிக்குச் சாத்தும் மலரும் இதுவே. 1753 இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 'சீனத்து ரோசா' எனப் பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார். ஆனால் சீனத்திலோ பிறிதெங்கோ இது காட்டில் தானே வளரக் கண்டாரில்லை. விதை கட்டுவதும் அரிது. கொம்பை ஒடித்து நட்டே வளர்ப்பர். எனவே, இது மனிதர் கைவழியே கடல் கடந்த செடி எனலாம். மலாய்க்காரர் இதனைப் 'புங்கா ராயா' என்றனர். 1960 இல் மலாயாக் கூட்டரசு இதனைத் தேசிய மலராக ஏற்றது.

பருத்தியும் வெண்டையும் இதன் குடும்பத்தவை. வெண்டைக்காயின் வழவழப்பை அறியாதார் யார்? அவ்வழவழப்பே செம்பருத்தி இலையிலும் உண்டு. அதனைக் கசக்கிப் பிழிந்த சாற்றை மலையாளத்தார் 'தாளி' என்று தலைக்குத் தேய்ப்பர். நம்மவரோ பூவைத் தேங்காயெண்ணெயிலிட்டுக் காய்ச்சுவதிலே பெருவிருப்பினர். 2003 இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், எலிகளின் மயிர் வளர்ச்சிக்குப் பூவின் சாரத்தினும் இலையின் சாரமே மிகுதியும் துணைசெய்தது. எலிக்குப் பொருந்தியது மனிதர்க்கும் பொருந்தும் என்று அதனால் முடிவுகட்ட இயலாது. நரை கறுக்கும் என்பார் கூற்றுக்கு அதில் இடமேயில்லை.

பானத்துக்குரியதோ ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிவப்புப் புளிச்சை. நம் புளிச்சைக்கீரையின் இனம். இதில் பயன்படுவது பூவிதழன்று. பூ உதிர்ந்தபின் சதைப்பற்றுடன் நிற்கும் புல்லிவட்டம். எகிப்தியர் இப்பானத்தைக் 'கர்க்கடே' என்பர். செனகல் நாட்டார் 'பிஸ்ஸாப்' என்பர். 2010 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 65 பேருள் ஒரு பகுதியினர் நாளும் மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் இதனை அருந்தினர். அவர்களது குருதி அழுத்தம் சற்றுக் குறைந்தது. அச்சான்று புளிச்சைக்கு உரியது. அதனை வேலிச் செம்பருத்தியின் மேலேற்றி, உண்டுவரும் மருந்தை நிறுத்துவார் உளராயின் அது பெரும்பிழை.

செம்பருத்தி இதழையும் சிலர் சர்பத்தாக்குவர். வெந்நீரிலிட்டால் ஊதா கலந்த மங்கல் நிறமே வரும். எலுமிச்சை பிழிந்ததும் பளிச்செனச் சிவக்கும். புளிப்புப் பட்டால் நிறம் மாறும் சாயம் அவ்விதழில் உள்ளது. புளிச்சைக்கு எலுமிச்சை வேண்டா. புளிப்பு அதனிடத்தேயே உண்டு. கடையில் வாங்கியது எதுவென்று ஐயுறுவோர், சர்க்கரை சேர்க்குமுன் ஒரு வாய் பருகிப் பார்க்கலாம்.