டிங்கர்மேன்

கார் பட்டறைப் பலகைகளில் ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்று படித்திருப்போம். ஒடுக்கு எடுத்துத் தகட்டை நேராக்கும் வேலை அது. இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்தவர்தான் பழைய டிங்கர். ஒரு பொருளைச் சும்மா விடாமல் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கும் பழக்கத்துக்கும் பிறகு அந்தச் சொல்லே வந்தது.

செல்சி கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த கிளாடியோ ரனியேரி ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை மாற்றியதால், பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரை ‘டிங்கர்மேன்’ ஆக்கின. 2004 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், மொனாக்கோவில். ஸ்கோர் 1-1, எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிவிட்டார். ரனியேரி ஆட்களை மாற்ற மாற்ற, அணியின் அமைப்பு குலைந்தது. செல்சி 3-1 எனத் தோற்றது. பெயர் நிலைத்துவிட்டது.

அது முழு நியாயமான பெயர் அல்ல. 2015 செப்டம்பரில், அவர் அப்போது பயிற்சியளித்த லெஸ்டர் அணி ஆர்சனலிடம் 5-2 எனத் தோற்றதும், அதே ரனியேரி இரு பக்கத் தடுப்பாட்டக்காரர்களையும் மாற்றி, சிம்ப்சனையும் ஃபூக்ஸையும் இறக்கினார். இது அசல் டிங்கரின் வேலை: ஒழுகிய இடம் பார்த்து அடைத்தார். பிறகு அந்தத் தடுப்பு வரிசையில் அதிகம் கை வைக்கவில்லை. மொனாக்கோவில் மாற்று வீரராக இறங்கிய ராபர்ட் ஹூத்தும் அதில் இருந்தார். 2016 மே மாதம் லெஸ்டர் பிரீமியர் லீக்கை வென்றது.