எண்ணெயே இல்லாமல் தகடு வளைக்கும் மெஷின்: எலெக்ட்ரிக் பிரஸ் பிரேக்கில் என்ன லாபம்?

லிஃப்ட் பேனல், பீரோ கதவு, ஸ்விட்ச் போர்டு பெட்டி... இதெல்லாம் தட்டையான தகடாக இருந்து பிரஸ் பிரேக்கில் வளைந்து வந்தவைதான். மேலே பஞ்ச், கீழே டை, நடுவில் தகடு.

ஹைட்ராலிக் மெஷினில் எண்ணெய் அழுத்தம்தான் பலம். சிக்கல் என்னன்னா, வழக்கமான மாடல்களில் ஆபரேட்டர் அடுத்த தகட்டை எடுத்து வைக்கும் நேரத்திலும் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். கரண்ட் மீட்டரும்தான்! எலெக்ட்ரிக்கில் சர்வோ மோட்டார், பால் ஸ்க்ரூ அல்லது பெல்ட் மூலம் பஞ்சை இறக்கும். பஞ்ச் அசையும்போதுதான் மின்சாரம் அதிகம் இழுக்கும். நாள் முழுக்க சின்னச் சின்ன பாகங்கள் வளைக்கும் பட்டறைக்கு இங்கேதான் மிச்சம்.

இன்னொன்று, எண்ணெய் சூடானால் இளகும். காலையில் வளைத்ததற்கும் மதியம் வளைத்ததற்கும் கோணம் லேசாக மாறலாம். எலெக்ட்ரிக்கில் அந்தத் தலைவலி இல்லை. ஆயில் கசிவு, சீல் மாற்றும் செலவும் கிடையாது. சத்தமும் குறைவு.

நெதர்லாந்தின் சஃபான்டார்லி நிறுவனம் பெல்ட், உருளைகள் வைத்து விசையை பஞ்சின் முழு நீளத்துக்கும் பரப்புகிறது.

அப்போ எல்லோரும் மாறிடலாமா? விலை அதிகம். கனமான பிளேட்டை வளைக்க பல நூறு டன் விசை வேண்டும் என்றால் இன்றும் ஹைட்ராலிக்தான் கைகொடுக்கும். எலெக்ட்ரிக் என்பதால் விரல் தப்பிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. லைட் கர்ட்டன் போன்ற பாதுகாப்பு இதற்கும் கட்டாயம் வேண்டும்.