கொத்மலைத் தோட்டங்களும் இருதய நோயாளியின் சிசுருஷையும்

1869 முதல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழித்தொழிக்க, அவற்றின் இடத்தில் தேயிலை வேரூன்றிய இலங்கையின் கொத்மலை, றம்பொடைச் சரிவுகளில் உழைத்த தென்னிந்தியக் கூலி ஜனங்களின் தேகநலத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, தயையினால் அன்று, படுத்த தொழிலாளியால் தோட்டத்துக்கு நஷ்டம் என்ற கணக்கினாலேயே பெரிதும் எழுந்து, 1872இன் வைத்தியத் தேவைகள் சட்டத்தில் இடம்பெற்றது. 1912இல் வந்த சட்டங்கள் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் சுகாதாரத்தையும் தோட்டத் துரைமாரின் கடமையாக்கின. ஆனால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே நெருங்கிப் படுத்துறங்கிய ஏற்பாட்டை அவை கலைக்கவில்லை. இருதயத்தைத் தாக்கும் ஒரு வியாதிக்கு அந்த நெருக்கமே விளைநிலம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியினால் ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலிக்கிறது. வலி தீர்ந்து இரண்டு மூன்று வாரம் சென்றபின் காய்ச்சல் மூள, வீக்கம் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் முழங்கைக்கும் தாவுகிறது. இதுவே வாதக் காய்ச்சல். இது இருதயத்தின் வால்வுகளையும் தசையையும் பற்றுவதோடு, சிலரில் வெளியுறையையும் அழற்சியுறச் செய்யும். அந்த உறையின் இரு படைகளும் உராயும் ஒலியைப் புதுத்தோலின் கிறீச்சொலிக்கு ஒப்பிட்டு 1824இல் வர்ணித்தவர் பிரெஞ்சு வைத்தியர் விக்டர் கொலன்.

இவ்வாறு உறை அழற்சியுற்றால் சிசுருஷை என்பது பெரும்பாலும் நோயாளியை இருத்தி வைக்கும் வித்தையே. மல்லாந்து படுத்தால் நெஞ்சு குத்தும். முன்னே சாய்ந்தால் வலி தணியும். ஆகையால் தலையணைகளை அடுக்கி, அவை கிட்டாத இடத்தில் கம்பளியை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றிக் குனிந்திருக்கச் செய்வர். நாடியையும் மூச்சையும் கழுத்து நரம்பின் புடைப்பையும் இரவெல்லாம் கவனித்தல் வேண்டும். உறைக்குள் நீர் சேரச் சேர உராய்வொலியும் வலியும் குறைவதுண்டு. அதைக் குணம் என்று எண்ணி அயர்ந்த தாதி, மூச்சை உள்ளிழுக்கையில் நாடி நலிவதைத் தவறவிடுவாள். நீரின் அழுத்தத்தில் இருதயம் விரியமாட்டாமல் தவிப்பதற்கு அதுவே அடையாளம்.

சாலிசின் என்ற மருந்தின் பலனை ஸ்கொத்லாந்து வைத்தியர் மாக்லகன் 1876இல் வெளியிட்டதிலிருந்து காய்ச்சலும் மூட்டுவலியும் தணிந்தனவேயன்றி வால்வு காக்கப்படவில்லை. 1950களில் வந்த பென்சத்தீன் பென்சிலின், மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் ஊசியாக, பல ஆண்டுகள் விடாமல் போட்டால், நோய் மீளாமல் தடுக்கும். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரியைக் காட்டிலும், திகதி தவறினால் ஆளைத் தேடிச் செல்லும் ஒரு தாதியும் அவளுடைய பதிவேடுமே அதிகம் வேண்டும். எனினும், பிள்ளையை அழைத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகும் தாய்க்கு அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் விழாது, பேரில்லையேல் கூலியில்லை. நோவின்றி ஓடியாடும் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று அவள் தயங்கியதை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. அவளுடைய மாதக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1990களுக்குப் பின் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவும் அரசாங்கத்தின் கீழ் வந்தன. லயக் காம்பராக்களோ பல தோட்டங்களில் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.