டால்டா டின்னும் நீல டிரம்மும்

உங்கள் பாட்டி வீட்டுத் துளசி எதில் வளர்ந்தது? அநேகமாக டால்டா டின்! 1937-ல் சந்தைக்கு வந்த வனஸ்பதி அது. நெய்ப் பிரியர்கள் கரித்துக் கொட்டினாலும், காலி டின்னை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. அடியில் ஆணியால் நாலு ஓட்டை, உள்ளே மண். தொட்டி ரெடி.

திருப்பூரில் டின்னுக்குப் பிறகு வந்தது டிரம். 1980-களில் பனியன் ஏற்றுமதி சூடுபிடிக்க, சாயப்பட்டறைகள் பெருகின. ரசாயனங்கள் பிளாஸ்டிக் டிரம்களில் வந்து இறங்கின. துணியில் ஒட்டியது போக மிச்சமெல்லாம் நொய்யலுக்கு. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் உப்பேறியது. சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே வரக் கூடாது என்று 2006-லேயே நீதிமன்றம் சொல்லியாயிற்று. யார் கேட்டார்கள்? 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லிவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரை முழுசாகச் சுத்திகரித்த பிறகுதான் மறுபடி திறக்க முடிந்தது.

டிரம்? பழைய சாமான் கடையில் இருக்கிறது. குறுக்கே அறுத்தால் மாடித் தோட்டத்துக்கு ரெண்டு தொட்டி. மண் தொட்டியைவிட மலிவு, எடையும் குறைவு. வாங்கும்போது, "இதுல முன்னாடி என்னங்க இருந்துச்சு?" என்று அவசியம் கேளுங்கள். "கழுவித்தானுங்க வெச்சிருக்கோம்" என்று மட்டும் பதில் வந்தால், அதில் குரோட்டன்ஸ் வையுங்கள். கீரைக்கு, சமையல் எண்ணெய் வந்த டின்னாகத் தேடிப் பிடியுங்கள்.